கோபத்தை அடக்கச் சொல்கிறீர்கள், பாரத்தை யார் இறக்குவது?

சென்ற ஆண்டு ஓர் இரவு. பதினொன்றரை மணி இருக்கும். அக்கா போன் செய்தாள்.

“தூங்கிட்டியாடி?”

“இல்லக்கா, சொல்லு.”

“அவன அடிச்சிட்டேன். கரண்டியால. முதுகுல தடிச்சிப் போச்சு. இப்ப தூங்கறான். எனக்கு என் கையப் பாத்தாலே பயமா இருக்குடி.”

அவன் என்றால் அக்காவின் மகன். ஒன்பது வயது. அரசு மருத்துவமனையில் ஏ.டி.எச்.டி என்று எழுதிக் கொடுத்து அப்போது ஓராண்டு ஆகியிருந்தது.

நான் என்ன பதில் சொன்னேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். “குழந்தைய அடிக்கறது வன்முறைக்கா. நீயே இப்படிப் பண்ணா எப்படி?” என்று தொடங்கினேன். அடி வாங்கும் குழந்தையின் மனம் என்ன ஆகும் என்று பத்து நிமிடம் பேசினேன். படிக்க ஒரு கட்டுரை அனுப்புவதாகவும் சொன்னேன். அக்கா “சரி” என்று போனை வைத்துவிட்டாள். அடுத்த மூன்று மாதம் அவளாக எனக்கு ஒரு முறைகூடப் போன் செய்யவில்லை.

என் முனைவர் பட்ட ஆய்வே வீட்டு வேலை செய்யும் பெண்களின் பராமரிப்பு உழைப்பைப் பற்றியதுதான். மணிக்கணக்கில் பெண்களின் எதிரில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அறிவுரை சொல்லாமல் கேள் என்பதுதான் நேர்காணலில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். முன்பின் தெரியாத பெண்களிடம் அதைக் கடைப்பிடித்த எனக்கு, நடு இரவில் பயந்துபோய் அழைத்த சொந்த அக்காவிடம் கடைப்பிடிக்கத் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்த மூன்று மாத மௌனத்திலிருந்து வருகிறது.

அக்காவின் ஒரு நாள்

ஆற்றங்கரையிலிருந்து பிடுங்கி நகரத்துக்கு வெளியே நடப்பட்ட குடும்பம் எங்களுடையது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று சென்னையின் ஓரத்தில் எழுப்பப்பட்ட மறுகுடியமர்வுப் பகுதிகளைப் பற்றி இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அப்படியொரு குடியிருப்பின் ஆறாவது மாடியில் அக்கா இருக்கிறாள். மாமா பெயின்ட் வேலைக்குப் போகிறவர். அக்கா நகரத்துக்குள் மூன்று வீடுகளில் வேலை செய்கிறாள். வீடு மாறினாலும் வேலை அங்கேயேதான் இருக்கிறது. போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம்.

காலை நாலரைக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, அவனை எழுப்பினால், பல் துலக்கப் போனவன் இருபது நிமிடம் கழித்தும் பிரஷ்ஷோடு பால்கனியில் புறாவைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு செருப்பு கிடைக்கும், இன்னொன்று கிடைக்காது. மாலை ஆறரைக்கு அக்கா திரும்பும்போது அவன் தாழ்வாரக் கைப்பிடிச் சுவர்மேல் ஏறி நிற்பான். ஆறாவது மாடியில். பேருந்தில் வரும்போதே அந்தக் காட்சி மனதில் ஓடத் தொடங்கிவிடும், நிறுத்தத்திலிருந்து வீடு வரை ஓடித்தான் வருவேன் என்றாள். வீட்டுப்பாடத்தில் ஐந்து வரி எழுத ஒன்றரை மணி நேரம். அதற்குள் தம்ளர் உடையும், பக்கத்து வீட்டில் சண்டை வரும், “உன் புள்ளைய அடக்கி வையேன்” என்று யாராவது குரல் கொடுப்பார்கள்.

அவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓடாத ஃபேன் ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிக்கும் வரை விடமாட்டான். யாராவது அழுதால் தன் கையில் இருக்கும் தின்பண்டத்தை அப்படியே கொடுத்துவிடுவான். எதையாவது உடைத்துவிட்டால் நம்மைவிட அதிகமாக அவன்தான் அழுவான். “சித்தி, நான் வேணும்னு பண்ணல” என்பதுதான் அவன் என்னிடம் அதிகம் சொன்ன வாக்கியமாக இருக்கும்.

மருத்துவ அறிவியலும் அதையேதான் சொல்கிறது.

வேண்டுமென்றே செய்வதில்லை

ஏ.டி.எச்.டி என்பது கவனக்குறைவு, மிகை இயக்கம், யோசிக்கும் முன்பே செய்துவிடும் உந்துதல் ஆகியவை சேர்ந்த நரம்பு வளர்ச்சி சார்ந்த நிலை. உலக அளவில் குழந்தைகளில் சுமார் 5 விழுக்காட்டினருக்கு இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. துறுதுறுவென்று இருக்கும் எல்லாக் குழந்தைக்கும் இந்தப் பெயரை வைத்துவிட முடியாது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தெரிய வேண்டும், ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், வீடு, பள்ளி என்று ஓரிடத்துக்கு மேல் காணப்பட வேண்டும் என்பவை மருத்துவர்கள் பார்க்கும் அளவுகோல்களில் சில.

இந்தக் குழந்தைகளுக்குச் சொன்னது புரியாமல் இல்லை. புரிந்ததைச் செய்ய வேண்டிய நேரத்தில் செய்வதும், செய்யக் கூடாததைச் செய்யாமல் நிறுத்துவதும்தான் சிக்கல். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது, பிரேக் பிடிக்கத் தாமதமாகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் “நூறு தடவ சொல்லியாச்சு” என்பது ஒவ்வோர் அம்மாவின் வாயிலும் வருகிறது. நூறு தடவை சொன்னது உண்மைதான். அவன் நூறாவது தடவையும் மறந்ததும் உண்மைதான். இதில் அம்மாவின் தோல்வியும் இல்லை, பிள்ளையின் திமிரும் இல்லை.

வளர்ப்பு சரியில்லாததால் ஏ.டி.எச்.டி வருவதில்லை. இரட்டையர்களை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வுகள், இதில் மரபணுக்களின் பங்கு மிக அதிகம் என்று காட்டியுள்ளன. அப்படியிருந்தும் பழி மட்டும் எப்போதும் அம்மா பக்கமே வந்து நிற்கும். இது நம் ஊரின் வழக்கம் மட்டுமல்ல. 1950, 60களில் அமெரிக்காவில், குழந்தைக்கு ஆட்டிசம் வரக் காரணம் பாசமில்லாத அம்மாதான் என்று நிபுணர்களே எழுதினார்கள். அந்தப் பெண்களுக்கு ‘குளிர்சாதனப் பெட்டித் தாய்’ என்று பட்டமும் கட்டினார்கள். அந்தக் கோட்பாடு பொய் என்று பிறகு நிரூபணமானது. அதற்குள் ஒரு தலைமுறைப் பெண்கள் தங்கள் பிள்ளையைத் தாங்களே கெடுத்துவிட்டதாக நம்பி வாழ்ந்து முடித்திருந்தார்கள்.

பிறவிக் குணம் என்னும் பழைய சொல்

மரபணு என்றதும் நம் சமூகத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. ‘பிறவிக் குணம்’, ‘வம்சம்’ என்று சாதி தயாராக வைத்திருக்கும் அகராதி உடனே திறந்துகொள்ளும். அக்காவை ஒரு நாள் பள்ளிக்குக் கூப்பிட்டு ஆசிரியர் சொன்னது இதுதான்: “நீங்க இருக்கற ஏரியா அப்படி. புள்ள வேற எப்படி இருக்கும்?”

தனி மனிதர்களின் மூளை வளர்ச்சியில் மரபணுவுக்குப் பங்கு இருப்பது ஒன்று. ஒரு சமூகத்துக்கே இதுதான் குணம் என்று பிறப்பை வைத்து முத்திரை குத்துவது வேறொன்று. முன்னது அறிவியல், பின்னது சாதி. ஏ.டி.எச்.டி எல்லாச் சாதியிலும் எல்லா வர்க்கத்திலும் பிறக்கும் குழந்தைகளுக்கு இருக்கிறது. குழந்தைக்குக் கிடைக்கும் பெயர்தான் இடத்துக்கு இடம் மாறுகிறது. நான் பார்த்தவரை, வசதியான வீட்டில் அதே சேட்டைக்குப் பெயர் ‘ஹைப்பர் ஆக்டிவ்’. அங்கே தெரபிஸ்ட் வருகிறார், தனி ஆசிரியர் வருகிறார். எங்கள் தெருவில் அதற்குப் பெயர் ‘தறுதலை’. இன்னும் ஐந்து வருடம் போனால் ‘ரௌடி’. இங்கே பிரம்பு வருகிறது, பிறகு மாற்றுச் சான்றிதழ் வருகிறது, அதற்கும் பிறகு போலீஸ் வருகிறது.

அக்காவின் பயம் இதுதான் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. மதிப்பெண் குறையும் என்று அவள் பயப்படவில்லை. நம் பிள்ளைகள் ஒரு தவறு செய்தால் இந்த ஊர் இன்னொரு வாய்ப்பு தராது என்பது அவளுக்குத் தெரியும். “வெளிய எவனோ அடிச்சிக் கொல்றதுக்கு நானே அடிச்சித் திருத்திடலாம்னு தோணுதுடி” என்றாள். ஒடுக்கப்பட்ட வீடுகளில் அடிக்கு இப்படியொரு காரணம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. எங்கள் அம்மாவும் எங்களை இதே காரணத்துக்காகத்தான் அடித்தாள்.

அதனால் அடி சரியாகிவிடாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவன் முதுகில் தடித்தது அவனுடைய வலி. அக்காவின் கதையைச் சொல்வதற்காக அந்த வலியை நான் சின்னதாக்கக் கூடாது. பிரேக் தாமதமாகப் பிடிக்கும் வண்டியை அடித்தால் பிரேக் சரியாவதில்லை. அடி அவனுக்குக் கற்றுக்கொடுப்பது பயத்தையும் பொய்யையும்தான். பள்ளியில் உடல் தண்டனையும் மன ரீதியான துன்புறுத்தலும் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் சொல்கிறது. வீட்டிலும் அந்த நிலை வர வேண்டும். அங்கே போய்ச் சேர்வதற்கு வழி என்ன என்பதுதான் என் கேள்வி.

கோபம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது

அக்கா வேலை செய்யும் ஒரு வீட்டில் அவன் வயதில் ஒரு பையன் இருக்கிறான். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவான். “அந்தப் பையன் தட்ட வீசினா சிரிச்சிக்கிட்டே எடுக்கறேன். என் புள்ள வீசினா கை போயிடுது. நான் என்ன பொம்பளடி?” என்று கேட்டாள்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோஷ்சைல்டு 1983இல் வெளியிட்ட நூலில், சம்பளத்துக்காகத் தன் உணர்ச்சிகளை அடக்கியும் காட்டியும் செய்ய வேண்டிய வேலையை உணர்ச்சி உழைப்பு என்று விளக்கினார். விமானப் பணிப்பெண்களின் புன்னகை அவருடைய முதன்மையான எடுத்துக்காட்டு. வீட்டு வேலைத் தொழிலாளிக்கு அந்தப் புன்னகையோடு சாதியும் சேர்ந்துகொள்கிறது. தனித் தம்ளரில் டீ கொடுத்தாலும் சிரிக்க வேண்டும். நகை காணவில்லை என்றால் முதல் பார்வை தன் மேல் விழும்போதும் சிரிக்க வேண்டும். காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை மூன்று வீடுகளில் பொறுமையை விற்றுவிட்டு வருகிறவளிடம், ஆறரை மணிக்கு வீட்டில் மீதி எவ்வளவு இருக்கும்?

அண்ணல் அம்பேத்கர் சாதியை ஒரு படிநிலைச் சமத்துவமின்மையாக விளக்கினார். கோபமும் அந்தப் படிகளில்தான் இறங்குகிறது. முதலாளியம்மாவின் எரிச்சல் அக்காமேல், மேஸ்திரியின் திட்டு மாமாமேல், மாமாவின் எரிச்சல் மறுபடி அக்காமேல். எல்லாம் கடைசியாக வந்து விழும் இடம், திருப்பி அடிக்க முடியாத ஒன்பது வயதுப் பையனின் முதுகு. மேலே திருப்பிக் காட்ட முடியாத கோபம்தான் கீழே இறங்குகிறது என்று தெரிந்தால், அக்கா போன்ற பெண்களைப் பார்த்து ‘உங்கள் கோபத்தைக் கட்டுப்படுத்துங்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போக நமக்கு வாய் வராது.

இதில் மருந்தின் கணக்கு ஒன்றும் இருக்கிறது. அவன் எடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் பலருக்கும் நன்றாகப் பயன்படும் மருந்து. அவனுக்கும் பயன்படுகிறது. காலையில் போட்டால் சில மணி நேரம் வேலை செய்யும். மாலைக்குள் தேய்ந்துவிடும். தேயும் நேரத்தில் சில குழந்தைகளுக்கு எரிச்சல் கூடும். பகலில் பசி குறைவதால் மாலையில் பசியும் சேர்ந்துகொள்ளும். ஆக, மருந்தின் நல்ல நேரம் பள்ளிக்கு, தேய்ந்த நேரம் அம்மாவுக்கு. “ஸ்கூல்ல ஒழுங்காத்தானே இருக்கான், உங்ககிட்டதான் இப்படிப் பண்றான்” என்று ஆசிரியர் சொல்லும்போது அக்கா கூனிக்குறுகிப் போகிறாள். மருந்து எத்தனை மணி நேரம் வேலை செய்யும் என்று யாராவது ஒரு நிமிடம் செலவழித்துச் சொல்லியிருந்தால், ஓராண்டு குற்ற உணர்ச்சியிலிருந்து அவள் தப்பித்திருப்பாள்.

மூச்சுப் பயிற்சியும் பேருந்தும்

மருத்துவமனையில் ஓர் ஆலோசகர் அக்காவிடம் கனிவாகத்தான் பேசினாராம். கோபம் வரும்போது பத்து வரை எண்ணுங்கள், மூச்சை இழுத்து விடுங்கள், தனி அறையில் ஐந்து நிமிடம் உட்காருங்கள், உங்களுக்கென்று தினமும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். “தனி ரூமுக்கு நான் எங்கடி போவேன்? இருக்கறதே ஒரு ரூம்” என்று சொல்லி அக்கா சிரித்தாள்.

உளவியல் எல்லாம் மேல்தட்டின் சொகுசு என்று இதைக் கேட்டு நாம் முடிவு செய்துவிடக் கூடாது. நம் தோழர்கள் சிலரிடம் அந்தப் போக்கு உண்டு. ஏ.டி.எச்.டிக்குப் பெற்றோர் பயிற்சி உண்மையிலேயே பலன் தருகிறது. பள்ளி வயதுக்கு முந்தைய சின்னக் குழந்தைகளுக்கு மருந்துக்கு முன்பே அதைத்தான் தொடங்க வேண்டும் என்று பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உள்ள மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அந்தப் பயிற்சி எங்கள் அக்காவுக்கும் உரியது. அவளுக்கு அது கிடைக்கும் விதம்தான் தவறு. வார நாளில் காலை பத்து மணிக்குப் பயிற்சி வைத்தால், போக ஒரு நாள் கூலி போகும், மூன்று வீட்டிலும் திட்டு விழும். வராத அம்மாவைப் பற்றி ‘அக்கறை இல்லாதவர்’ என்ற முடிவுக்கு எல்லோரும் வந்துவிடுவார்கள்.

மூன்று மாதம் கழித்து நான்தான் அக்கா வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். இந்த முறை கட்டுரை எதுவும் கொண்டுபோகவில்லை. “எந்த நேரம் உனக்கு ரொம்பக் கஷ்டம்?” என்று மட்டும் கேட்டேன். காலை ஐந்தரை முதல் ஏழு வரை, மாலை ஆறரை முதல் எட்டரை வரை என்றாள். நாங்கள் அந்த மூன்றரை மணி நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

காலையில் அவனைக் கிளப்புவது மாமாவின் வேலையானது. முதலில் முறைத்தார். “உங்க புள்ளதான மாமா” என்றேன். இரண்டு வாரத்தில், “எப்படிடி இத்தன வருஷம் பண்ணா இவ?” என்று என்னிடமே கேட்டார். அவன் பள்ளியில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இருந்தும், வீட்டில் ஊட்டிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக இருந்தாள். அதை விட்டாள். தினமும் ஒரு சண்டை குறைந்தது. மாத்திரையை உணவோடு சேர்த்து எப்போது கொடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொண்டோம்.

மாலையில் வந்தவுடன் வீட்டுப்பாடம் இல்லை. முதலில் சோறு, பிறகு கீழே இறங்கி ஓட்டம், அதன் பிறகுதான் நோட்டு. ஐந்து வரியை ஒரே மூச்சில் எழுத வேண்டாம், இரண்டு வரி எழுதிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரலாம். ‘ஒழுங்கா இரு’ என்று அக்கா சொல்வதை நிறுத்தினாள். அவனுக்கு அதில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிவதில்லை. ‘செருப்ப எடு’. எடுத்த பிறகு, ‘மாட்டு’. ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை. செய்தவுடனே, அந்த நொடியே, ஒரு பாராட்டு.

அக்காவின் கோபத்துக்கும் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கை ஓங்கும் முன்பு அவளுக்குக் காது சூடாகுமாம். காது சூடானால் காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போய்விடுகிறாள். அவனைப் பக்கத்து வீட்டு ஆயா பார்த்துக்கொள்வார். குடத்துக்கு வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஐந்து நிமிடம் அங்கே நிற்பாள். ஆலோசகர் சொன்ன தனி அறை இதுதான். அவள் வீட்டின் அளவுக்கு வெட்டித் தைத்துக்கொண்டாள். அதையும் மீறி ஒரு நாள் கத்திவிட்டால், பிறகு அவனிடம் போய் “அம்மா கத்தினது தப்பு” என்று சொல்கிறாள். எங்கள் வீட்டில் எந்தப் பெரியவரும் எந்தக் குழந்தையிடமும் இதற்கு முன் அப்படிச் சொன்னதில்லை.

அதே மாடியில் இப்படியே திண்டாடும் இன்னும் இரண்டு அம்மாக்களைக் கண்டுபிடித்தோம். ஒருவருக்கும் மற்றவரைப் பற்றித் தெரியாமல் இருந்தது. ஞாயிறு மாலை மூவரும் உட்கார்ந்து பேசுகிறார்கள், அந்த நேரம் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன். முதல் நாள் அதில் ஒரு பெண் பேசவே இல்லை, அழுதார். அவருக்குத் தூக்கமும் போய், சாப்பாடும் போய், வாழவே பிடிக்காத நிலை. ஏ.டி.எச்.டி குழந்தைகளின் அம்மாக்களிடம் மனச்சோர்வு கூடுதலாகக் காணப்படுவது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. அந்த நிலைக்குக் குடமும் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சும் போதாது, மருத்துவம் வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் எண் கட்டணமில்லாதது. எந்த நேரமும் தமிழில் பேசலாம். அன்று அங்கே உட்கார்ந்தபடியே அந்த எண்ணுக்கு அழைத்தோம்.

பேச்சுவாக்கில் அக்கா ஒரு நாள் கேட்டாள்: “நானும் சின்ன வயசுல இப்படித்தான இருந்தேன்? எல்லாத்தையும் மறப்பேன்ல?” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெண் குழந்தைகளிடம் இது ஓட்டமாக வெளிப்படாமல் மறதியாகவும் பகல் கனவாகவும் இருந்துவிடுவது உண்டு. அதனால் யாரும் கவனிப்பதில்லை. அக்காவைப் பத்தாம் வகுப்போடு ‘மக்கு’ என்று நிறுத்தினார்கள். நான் படித்தேன். அவளுக்கு என்ன இருந்தது என்று இப்போது என்னால் சொல்ல முடியாது. ஆனால் யாரும் அவளைக் கேட்கவில்லை என்று சொல்ல முடியும்.

இது பொதுக் கணக்கு

1928இல் பம்பாய் சட்ட மேலவையில் பேறுகால நல மசோதா விவாதத்துக்கு வந்தபோது அண்ணல் அதை ஆதரித்துப் பேசினார். உழைக்கும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது பொது நலன், அதன் செலவை அவள் மட்டும் சுமக்க முடியாது, அரசும் வேலை வாங்குபவரும் ஏற்க வேண்டும் என்பதே அவர் வாதத்தின் சாரம். பிள்ளை பெறும் ஓய்வுக்கு அன்று சொன்னது, பிள்ளை வளர்க்கும் ஓய்வுக்கு இன்றும் பொருந்தும். பெரியாரும் பெண்ணின் அடிமைத்தனத்தைப் பிள்ளை பெறுவதோடும் வளர்ப்பதோடும் சேர்த்தே பேசினார். தாய்மையைப் புனிதமாக்கி அவள் தலையில் ஏற்றிவைப்பது நம் மரபல்ல. எதிர்முகாமின் மரபு.

அப்படியானால் நாம் கேட்க வேண்டியவை இருக்கின்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. அதில் ஏ.டி.எச்.டி இல்லை. கூடவே கற்றல் குறைபாடு போன்ற வேறொன்று இருந்தால்தான் சான்றிதழுக்கு வழி. இதை மாற்றக் கோர வேண்டும். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் ஏ.டி.எச்.டி இருக்கிறது. பரிசோதித்துக் கண்டுபிடித்த பிறகு பெற்றோர் பயிற்சி எங்கே, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையில், குடியிருப்புக்குள்ளேயே, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்து நடத்தினால் அக்காக்கள் வருவார்கள். ஒரே அறையில் பல வகுப்புகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியரும் தனியாக இதைச் சமாளிக்க முடியாது. அவருக்குச் சிறப்பாசிரியரின் துணை வேண்டும். பள்ளியில் கிடைக்கும் ஒரு தட்டு உப்புமா ஓர் அம்மாவின் காலையை மாற்றியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பாரத்தை இறக்கும் திட்டம் ஒன்று வந்தால் கோபம் தானாக ஒரு படி இறங்குகிறது.

கடைசியாக நம்மைப் பற்றி. நம் கூட்டங்களில் ஒரு குழந்தை ஓடினால், கத்தினால், மேடையில் பெண் விடுதலை பேசிக்கொண்டிருக்கும்போதே எத்தனை தலைகள் திரும்பி அந்த அம்மாவை முறைக்கின்றன என்று அடுத்த முறை எண்ணிப் பாருங்கள். “தோழர், குழந்தைய கொஞ்சம் வெளிய…” என்று நானே சொல்லியிருக்கிறேன். வெளியே போன அந்தத் தோழர் அதற்குப் பிறகு கூட்டத்துக்கு வரவில்லை. குழந்தைகளுக்கு ஒரு மூலை, அதைப் பார்த்துக்கொள்ள முறை வைத்து ஆண் தோழர்கள். இதற்கு நிதி திரட்ட வேண்டியதில்லை, தீர்மானம் போட வேண்டியதில்லை. வரும் ஞாயிறே தொடங்கலாம்.

இதை அச்சுக்கு அனுப்பும் முன் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சம்மதம் இல்லாமல் இதை எழுதும் உரிமை எனக்கு இல்லை. முழுதும் கேட்டுவிட்டு ஒரு திருத்தம் சொன்னாள்.

“நான் இப்ப அடிக்கறதே இல்லன்ற மாதிரி எழுதி வெச்சிருக்க. போன மாசம்கூட ஒரு தடவ கை போயிடுச்சி. அதையும் எழுது. இல்லன்னா படிக்கறவங்கள்ல என்ன மாதிரி ஒருத்தி இருந்தா, தான் மட்டும்தான் கெட்டவன்னு நெனச்சிக்குவா.”

எழுதிவிட்டேன்.